அறிமுக நாளுக்கு அடுத்த வாரம்

வசந்த காலம் வந்துவிட்டால் சிட்னியின் புறநகர்களில் உள்ள லான் பௌல்ஸ் மன்றங்கள் பல, புதிய உறுப்பினர்களைத் தேடி அறிமுக நாள் நடத்துகின்றன. வேலியில் பதாகை தொங்கும். பந்துகளை அவர்களே தருவார்கள். கற்றுக்கொடுக்க மூத்த உறுப்பினர் ஒருவர் நிற்பார். நம்மவர்களோ பெரும்பாலும் அந்த வேலியைக் காரில் கடந்து போவதோடு சரி. முதியோர் மருத்துவத்தில் பணிபுரியும் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்து போனேன்.

விளையாட்டு எளியது. ‘ஜாக்’ எனப்படும் சிறிய பந்தை முதலில் உருட்டிவிடுவர்; அதற்கு மிக அருகில் தம் பந்தை நிறுத்துபவருக்கே புள்ளி. பந்து முழுமையான உருண்டையன்று. அதனால் வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளைந்து செல்லும். இங்கே வலிமையைவிடக் கணிப்பே வெல்லும். பாட்டி பேரனைத் தோற்கடிப்பது அரிதன்று. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் இந்தியப் பெண்கள் நால்வர் அணி தங்கம் வென்றது இவ்விளையாட்டில்தான்.

என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது, அச்சம் போகவில்லை. விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி நடமாட்டத்தைக் குறைத்தால் கால்கள் வலுவிழக்கும். வலுவிழந்தால் மீண்டும் விழும் வாய்ப்பு கூடும். அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் உடற்சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் செயல்களில் ஈடுபட வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நான் சொன்னதோ, “நடங்கள் அம்மா” என்பது மட்டுமே. அவர் நடக்கவில்லை என்பதைக் கவனிக்கத் தெருவில் யார் இருக்கிறார்கள்? நால்வர் அணியில் ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் தேடுவார்கள்.

ஓர் அறிமுக நாளுக்கு அவரை அழைத்துச் சென்றேன். முதல் ஒரு மணி நேரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் அமர்ந்திருந்தார். மதுக்கூடமும் சூதாட்ட இயந்திரங்களும் இருக்கும் இடத்திற்கு மகனே அழைத்து வந்துவிட்டானே என்ற முகம். அடுப்பில் இறைச்சி மட்டுமே வெந்துகொண்டிருந்தது. புதியவர்களை வரவேற்க விரும்பும் மன்றங்கள் காய்கறி உணவு ஒன்றையும் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பிறகு ஒரு மூதாட்டி வந்து, தூரம் அளக்கும் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கும்படி கேட்டார். அம்மா எழுந்தார். அதன்பின் உருட்டிய மூன்றாவது பந்து ஜாக்கின் அருகே நின்றபோது, “கோலி மாதிரிதானே இது” என்றார்.

அடுத்த வாரம் எனக்கு மருத்துவமனையில் பணி. அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. அவர் கேட்கவில்லை; நானும் நினைவூட்டவில்லை. மீண்டும் செல்ல இரண்டு மாதங்கள் ஆயின. மறுபடியும் அதே பெஞ்ச், அதே கைப்பை. அந்த இரண்டு மாதங்களுக்கு நான்தான் பொறுப்பு.

எல்லோருக்கும் இது உகந்தது என்று கூறமாட்டேன். இடுப்பு, மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் முதலில் தம் மருத்துவரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ கேட்க வேண்டும். பந்து சுமார் ஒன்றரைக் கிலோ வரை எடை கொண்டது. குனிய இயலாதவர்கள் அதைப் பிடித்து உருட்டுவதற்கு நீண்ட கைப்பிடிக் கருவி உண்டு. தட்டையான அடியுள்ள காலணியும் தொப்பியும் தண்ணீரும் தேவை. பார்வைக் குறைபாடுள்ளோருக்குக் காமன்வெல்த் போட்டியிலேயே தனிப் பிரிவு உள்ளது. ஆகவே கண்ணை மட்டும் காரணம் காட்டி ஒதுங்க வேண்டியதில்லை.

பெற்றோரை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடாதீர்கள்; நீங்களும் ஓர் ஆட்டம் ஆடுங்கள். வீடு திரும்புமுன், அடுத்த வார ஆட்டம் எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அன்று அழைத்து வரப்போவது யார் என்பதையும் வண்டி நிறுத்துமிடத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.