கிரீஸுன்னா எல்லாம் ஒரே கிரீஸா?

ஆம்பூர் பக்கம் டிராக்டர் டிரெய்லர் வைத்திருப்பவரிடம் "வீல் பேரிங்குக்கு என்ன கிரீஸ் போடுறீங்க?" என்று கேட்டால் "மஞ்சள் கிரீஸ்" என்பார். இன்னொருவர் "சிவப்புதாங்க, ஹீட் தாங்கும்" என்பார். தோலுக்குச் சாயம் ஏற்றுகிற ஊர்க்காரர்களுக்கு, கிரீஸின் நிறமும் வெறும் சாயம்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். கிரீஸ் என்பது பெரும்பாலும் எண்ணெய்தான். அதைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்திருப்பது ஒரு சோப்பு. குணம் அந்த சோப்பில் இருக்கிறது. சோடியம் சோப்பு தண்ணீர் பட்டால் கரையும். கால்சியம் தண்ணீருக்கு அசையாது, ஆனால் பழைய ரக கால்சியம் கிரீஸ் 100 டிகிரியை ஒட்டி உருகி ஓடிவிடும். அமெரிக்காவில் 1942-ல் காப்புரிமை பெற்ற லித்தியம் கிரீஸ் 180 டிகிரி வரை நிற்கும், தண்ணீரையும் ஓரளவு சமாளிக்கும். அதனால்தான் கடைக்குக் கடை அதுவே இருக்கிறது. 'ஓரளவு' என்ற வார்த்தையைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

ஏனென்றால் இந்தப் பக்கத்து டிரெய்லர்கள் படும் பாடு சாதாரணமானதல்ல. பச்சைத்தோல் கெடாமலிருக்க அதன் எடையில் 30 முதல் 50 சதவீதம் வரை உப்பு போடுகிறார்கள். அந்தத் தோலை மண்டியிலிருந்து டேனரிக்கு ஏற்றிப் போகும்போது உப்புத்தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டி நேராக ஹப் மேல் விழுகிறது. அடுத்த நடை கழிவுச் சேறு. அதற்கடுத்து பாலாற்று மணல். ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கழற்றிப் பார்த்தால் கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருக்கும், கப்பில் ரோலர் நின்ற இடமெல்லாம் வரிவரியாகத் துரு. மணலும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அது கிரீஸ் அல்ல, வால்வு தேய்க்கிற பேஸ்ட்!

இந்த வண்டிக்குப் போய் 'ஹீட் தாங்கும்' கிரீஸா? பாதி டிரெய்லர்களில் பிரேக்கே கிடையாது. எங்கிருந்து வரும் ஹீட்? அதற்கு வேண்டியது தண்ணீரையும் உப்பையும் தாங்கும் கால்சியம் வகை. முடிந்தால் கால்சியம் சல்ஃபோனேட், அது துருவையும் தடுக்கும். மெதுவாக ஓடிப் பாரம் சுமக்கும் சக்கரம் என்பதால் உள்ளே இருக்கும் எண்ணெயும் கெட்டியாக இருக்க வேண்டும்.

அதே ஊரில், ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயத்துக்கு ஆளேற்றி இறங்கும் ஜீப்பின் கதை நேர் எதிர். இறக்கம் முழுக்க பிரேக். டிரம் கொதிக்கும். அதில் பழைய ரக கால்சியம் கிரீஸை வைத்தால் உருகி பிரேக் ஷூ மேல் வழியும், அப்புறம் வண்டி நிற்காது. அதற்கு 250 டிகிரிக்கு மேலும் உருகாத லித்தியம் காம்ப்ளெக்ஸ்தான் சரி. வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தது, இந்த இரண்டு வண்டிகளின் கிரீஸ் டப்பா மட்டும் இன்னும் பிரியவில்லை.

டப்பாவில் போட்டிருக்கும் 2, 3 என்ற என்.எல்.ஜி.ஐ. எண் தரம் அல்ல, இறுக்கம் மட்டுமே. 3 என்றால் 2-ஐ விட உசத்தி என்று அதிக விலை கொடுப்பவர்களும் உண்டு. இன்னொரு கொடுமை, பழையதை மண்ணெண்ணெயில் கழுவாமல் புதியதை மேலே அப்புவது. பாலியூரியா, களிமண் வகை கிரீஸ்கள் லித்தியத்தோடு கலந்தால் பெரும்பாலும் இளகி ஒழுகிவிடும். இரண்டு நல்ல கிரீஸ் சேர்ந்து ஒரு கெட்ட கிரீஸ்!

மெக்கானிக்குக்கு இது தெரியாதா என்றால், பலருக்கு நன்றாகவே தெரியும். டப்பா வாங்குவது அவர் இல்லையே. வாங்குபவர் பார்ப்பது கிலோ விலை. நல்ல கிரீஸ் கிலோவுக்கு நூறு ரூபாய் கூட என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு ஹப்புக்கு அரை கிலோ போதும், ஆக மிச்சம் ஐம்பது ரூபாய். அந்த ஐம்பது ரூபாயில் இரண்டு பக்கத்துக்கும் பேரிங், சீல் வாங்க முடியுமா? நடுவழியில் வண்டி படுத்தால் போகும் ஒரு நாள் வாடகையைச் சேர்க்கவே இல்லை. ஆனால் கணக்கு நோட்டில் கிரீஸ் 'சில்லறைச் செலவு', பேரிங் 'ரிப்பேர் செலவு'. இரண்டும் வேறு வேறு பக்கம். அதனால் இது அதைத் தின்கிறது என்பது வருடக் கடைசியிலும் தெரிவதில்லை. முதலாளி கிரீஸில் மிச்சம் பிடித்த சந்தோஷத்திலேயே இருப்பார்.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பாரத்தோடு போகும்போது ஹப் இறுகி, சக்கரம் கழன்று உருண்டால் முதலில் கேட்கப்படும் கேள்வி "டிரைவர் எப்படி ஓட்டினான்?" என்பதுதான். என்ன கிரீஸ் என்று யாரும் கேட்பதில்லை. அவர் சம்பளத்தில் பிடிக்கும் பணத்தை நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவார்கள்?