எந்தப் பேச்சு, எந்த நோய்க்கு?

தேர்வில் தோற்ற மாணவருக்கு, விபத்தில் உயிர் பிழைத்தவருக்கு, குடும்ப நீதிமன்றத்தின் படியேறும் தம்பதிக்கு, குடியை விட முடியாதவருக்கு என்று எல்லாருக்கும் ‘கவுன்சலிங் வழங்கப்படும்’ என்ற ஒற்றை வரி அறிவிப்பு வந்துவிடுகிறது. அதைக் கேட்டு நிம்மதியடைவோர் உண்டு. ‘பேசினால் நோய் தீருமா?’ என்று உதட்டைப் பிதுக்குவோரும் உண்டு. இரு தரப்பும் உளவியல் சிகிச்சை என்பதை ஏதோ ஒரே சரக்கு என்று எண்ணிக்கொள்கின்றன. மாத்திரை வேலை செய்யுமா என்று யாரும் பொத்தாம்பொதுவாகக் கேட்பதில்லை. எந்த மாத்திரை, எந்த நோய்க்கு, எத்தனை நாளைக்கு என்றுதான் கேட்கிறோம். உளவியல் சிகிச்சையிடமும் அப்படிக் கேட்டால் பதில் இருக்கிறது. அதில் கணிசமான பகுதி கோவாவின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து வந்தது. அதைப் பார்த்த பிறகும், மனச்சோர்வோடு வருபவருக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரையும் ‘தைரியமா இருங்க’ என்ற வார்த்தையும் போதும் என்று சொல்ல முடியாது.

கோவாவில் சங்காத் என்ற அமைப்பைச் சேர்ந்த விக்ரம் படேலும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனையின் முடிவு 2017-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள், கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேர். குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவர் கவனிப்பு. மறு பாதிக்கு அதோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் முப்பது நாற்பது நிமிடம். சிகிச்சை அளித்தவர்கள் உளவியல் பட்டதாரிகள் அல்லர். மனநலத் துறையில் முன் அனுபவமே இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். அவர்கள் செய்தது அறிவுரை சொல்வதும் அல்ல. மனம் சோர்ந்தவர் வழக்கமான வேலைகளிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் ஒதுங்குகிறார். ஒதுங்க ஒதுங்கச் சோர்வு கூடுகிறது. இந்தச் சுழலை உடைப்பதுதான் சிகிச்சை. போன வாரம் என்னென்ன செய்தீர்கள், எதைச் செய்தபோது மனம் கொஞ்சம் லேசானது என்று கேட்டு எழுதுகிறார்கள். அடுத்த வாரத்துக்குச் செய்யக்கூடிய ஒன்றிரண்டை, கோயிலுக்குப் போவதோ, விட்டுப்போன தையலை எடுப்பதோ, நோயாளியே தேர்ந்தெடுக்கிறார். மறு வாரம் வரும்போது அது நடந்ததா, நடக்காவிட்டால் தடையாக இருந்தது எது என்று பார்க்கிறார்கள். வர முடியாதவரின் வீட்டுக்கே போகிறார்கள். மூன்று மாத முடிவில், சிகிச்சை பெற்றோரில் 64 சதவீதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். மருத்துவர் கவனிப்பு மட்டும் பெற்றோரில் 39 சதவீதத்தினர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது.

இது கோவாவின் தனி அதிசயமும் அல்ல. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், மனச்சோர்வுள்ள 903 கர்ப்பிணிகளிடம் அரசின் பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே நடத்திய சோதனையில், பிரசவமாகி ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தது சிகிச்சை பெற்ற குழுவில் 23 சதவீதத்தினருக்கு, மற்றதில் 53 சதவீதத்தினருக்கு (லான்செட், 2008). ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மருத்துவமனை வளாக பெஞ்சுகளில் உட்கார்ந்து பேசும் பாட்டிமார்கள் 2016-ல் இதேபோன்ற முடிவைக் காட்டினார்கள்.

வெற்றிகளை மட்டும் அடுக்கினால் அது விளம்பரம். இதே துறை பொய்த்த இடங்களும் உண்டு, அவை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகின்றன. உடலின் வேறு பாகங்களுக்குப் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயுள்ள பெண்கள் குழுவாகக் கூடிப் பேசினால் ஆயுள் நீள்கிறது என்று 1989-ல் டேவிட் ஸ்பீகல் வெளியிட்ட ஆய்வு உலகையே பரபரக்க வைத்தது. 86 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு அது. 2001-ல் கனடாவில் 235 பெண்களிடம் அதையே சோதித்தபோது ஆயுள் நீளவில்லை. வலியும் மன வேதனையும் குறைந்தன, அவ்வளவுதான். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் உள்ளிட்ட 2,481 பேரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையில் (2003) சிகிச்சையால் மனச்சோர்வு குறைந்தது. மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை. இதைவிட மோசமான கதையும் இருக்கிறது. பேரதிர்ச்சிக்கு ஆளானவரை உடனே உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறை ஒரு காலத்தில் எங்கும் பரவியிருந்தது. காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அதில் பலனில்லை என்றது. சாலை விபத்தில் சிக்கியோரை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்த பிரிட்டிஷ் ஆய்வில், அப்படிப் பேசவைக்கப்பட்டோரில் ஒரு பகுதியினர் மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரைகளுக்குக் கூட்டங்கூட்டமாக வந்திறங்கிய வெளிநாட்டு ஆலோசகர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பேரிடர்க்கால மனநல உதவி குறித்த சர்வதேச வழிகாட்டு நெறிகள் 2007-ல் வந்தபோது, இந்த ஒற்றை அமர்வு முறை வேண்டாம் என்று அவை வெளிப்படையாகவே சொல்லின.

இந்தத் தோல்விகள் முக்கியமான ஓர் ஆட்சேபத்துக்கு விடை தருகின்றன. மாத்திரைச் சோதனையில் போலி மாத்திரை கொடுத்து நோயாளிக்குத் தெரியாமல் வைக்கலாம். பேச்சில் அது நடக்காது. தனக்குச் சிகிச்சை கிடைக்கிறது என்பது நோயாளிக்குத் தெரியும். குணமானதா என்பதையும் பெரும்பாலும் அவர் வாயால்தான் கேட்கிறோம். தன்னோடு அன்பாகப் பேசியவரின் மனம் கோணாமல் ‘தேவலாம்’ என்று அவர் சொல்லியிருக்கலாமே? நியாயமான சந்தேகம்தான். வெறும் காத்திருப்புப் பட்டியலோடு ஒப்பிடும் ஆய்வுகளில் பலன் ஊதிப் பெருகிக் காட்டுகிறது என்பதும் உண்மை. கோவாவில் கண்ட வித்தியாசத்திலும் ஒரு பங்கு, ஒருவர் பொறுமையாகக் காது கொடுத்ததால் வந்ததாக இருக்கலாம். ஆனால், எல்லாமே முகத்துக்காகச் சொன்ன பதில் என்றால் எல்லாச் சோதனைகளும் இனிப்பாக அல்லவா முடிந்திருக்க வேண்டும்? அதே கோவாக் குழு, அளவுமீறிக் குடிக்கும் 377 ஆண்களிடம் நடத்திய சோதனையைப் பாருங்கள். கடைசி இரண்டு வாரம் குடிக்கவே இல்லை என்றவர்கள் சிகிச்சைக் குழுவில் 42 சதவீதம், மற்றதில் 18 சதவீதம். ஆனால், தொடர்ந்து குடித்தவர்கள் குடித்த அளவில் இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை. உபசாரத்துக்காகச் சொல்லப்படும் பதில் இப்படிப் பாதியில் நிற்பதில்லை.

அடுத்த ஆட்சேபம் மனநல நிபுணர்களிடமிருந்து வருகிறது: அரைகுறைப் பயிற்சி பெற்றவர்களிடம் நோயாளிகளை ஒப்படைக்கலாமா? பிரிட்டனில் 440 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான சோதனை இதை நேராகவே கேட்டது. தேர்ந்த உளவியல் சிகிச்சையாளர்கள் அளிக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைவிட, இளநிலைப் பணியாளர்கள் அளித்த, கோவாவில் கண்டது போன்ற செயலூக்கச் சிகிச்சை பலனில் குறைந்ததாக இல்லை; செலவும் குறைவு. அதற்காக எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. மனச்சிதைவு நோயை மருந்தில்லாமல் பேச்சால் கையாள யாரும் சொல்லவில்லை. அங்கும்கூட, மருத்துவமனைக் கவனிப்போடு உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் உதவிய சோதனை கோவாவிலும் மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் 282 பேரிடம் நடந்து 2014-ல் வெளியானது. ஒட்டுமொத்தப் பலன் சுமார்தான். பளிச்சென்று தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில்.

வறுமையாலும் கணவனின் அடியாலும் வாடுகிறவளுக்கு ‘மனதைத் தேற்றிக்கொள்’ என்பது அநியாயம் என்ற கோபத்தை நான் மதிக்கிறேன். அப்படிச் சொல்வது சிகிச்சையாகாது என்பதும் சரி. ஆனால், ஹராரே பெஞ்சில் பேசப்படுவது பெரும்பாலும் வாடகை, வேலை, வீட்டுச் சண்டை போன்றவைதான். அவற்றில் எதை முதலில் எடுத்து என்ன செய்வது என்று படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பதே அங்குள்ள முறை. வறுமை ஒழிகிறவரை மனச்சோர்வுக்கு வைத்தியம் காத்திருக்கட்டும் என்பதை, சர்க்கரை நோய் விஷயத்தில் நாம் ஒப்புக்கொள்வோமா?

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் மனச்சோர்வுள்ளோரில் சுமார் 85 சதவீதத்தினர் எந்தச் சிகிச்சையிலும் இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே போகிறார்கள். வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. ஆனால் அவர்கள் தலையில் இன்னொரு வேலையைக் கட்டிவிட்டு, இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, புகைப்படம் எடுத்து முடித்துவிட்டால் அது கவுன்சலிங் அறிவிப்பின் இன்னொரு வடிவமாகத்தான் இருக்கும். கோவாவில் அமர்வுகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. சக பணியாளர்கள் கூடி உட்கார்ந்து அவற்றைக் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். 2010-ல் வெளியான அவர்களது முந்தைய சோதனையில் அரசு நிலையங்களில் குணமடைந்தோர் 66-க்கு 43 சதவீதம் என்று பலன் தெளிவாகத் தெரிந்தபோது, தனியார் மருத்துவர்களிடம் வித்தியாசமே தெரியவில்லை. ஓரிடத்தில் ஓடியது மற்றொரு இடத்தில் தானாக ஓடிவிடாது.

ஆகவே, அரசு இரண்டு மாவட்டங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். பாதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த ஆண்டும் மீதிப் பாதியில் அடுத்த ஆண்டும் என்று குலுக்கிப் போட்டு, தனி ஊதியம் பெறும் பணியாளர்களை அமர்த்தித் தொடங்கட்டும். ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் படிவத்தை இரு தரப்பிலும் நிரப்பிக் கணக்கெடுத்து, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடட்டும். நிதி ஒதுக்கும்போது பணியாளரின் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே மேற்பார்வையாளரின் சம்பளத்தையும் எழுத வேண்டும். கோவாவில் பலன் தந்த சிகிச்சையில் மேற்பார்வையும் ஒரு பகுதி.