ஸ்பீச் தெரபி இலவசம்தான்... வாராவாரம் பஸ் ஏறுவது யார்?

தேவனாம்பட்டினத்தை வெளியூர்க்காரர்களுக்கு 'சில்வர் பீச்' என்று சொன்னால்தான் தெரியும். கடலூர் நகரத்தை ஒட்டிய மீனவர் ஊர். பெரியார் அரசு கலைக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. 2004 சுனாமியில் கடுமையாக அடி வாங்கிய ஊரும்கூட. இந்த ஊரில் இரண்டு வயதாகியும் 'அம்மா' என்றுகூட சொல்லாத ஒரு குழந்தை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தைக்கு அரசு என்னவெல்லாம் தருகிறது?

நிறையவே தருகிறது. அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழு வர வேண்டும். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டம் இது. பிறப்பு முதல் 18 வயது வரை பல வகைக் குறைபாடுகளைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் வேலை. காது கேளாமையும் மொழி வளர்ச்சித் தாமதமும் அந்தப் பட்டியலுக்குள் வருகின்றன. சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். காது கேட்கவில்லை என்று உறுதியானால், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை இலவசம். வெளியே செய்தால் பல லட்சம் ஆகும். அதற்குப் பிறகான பேச்சுப் பயிற்சிக்கும் அந்தக் காப்பீட்டில் இடம் உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று.

ஆக, திட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. என் கேள்வி வேறு. கண்டுபிடித்த பிறகு, வாராவாரம் அந்தக் குழந்தையைப் பயிற்சிக்கு யார் கூட்டிப்போவது?

'பொறுத்துப் பாரு, பேசிடும்'

அதற்கு முன்னால், கண்டுபிடிப்பதே ஏன் தாமதமாகிறது என்று பார்த்துவிடலாம். பேச்சு வரவில்லை என்றதும் முதலில் வருவது ஆறுதல். பாட்டி வசம்பைத் தேய்த்து நாக்கில் தடவுவார். குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமல் இருந்து திருச்செந்தூரில் வாய் திறந்த கதையைச் சொல்வார். ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் மாமா, அதையே ஐன்ஸ்டைனை வைத்துச் சொல்வார். 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்பது எல்லா வீட்டிலும் தயாராக இருக்கும் பதில்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. தாமதமாகப் பேசத் தொடங்கும் பல குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் தானாகவே சரியாகிவிடுகிறார்கள். ஆனால், யார் சரியாவார்கள், யாருக்கு உதவி தேவை என்று இரண்டு வயதில் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. பரிசோதனை அதற்காகத்தான்.

முக்கியமாகக் காது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் 'ஊ... ஆ...' என்று மற்ற குழந்தைகளைப் போலவே குரல் கொடுக்கும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. கதவு படாரென்று சாத்தினால் திரும்பிப் பார்க்கிறதே என்பார்கள். அது காற்றையோ அதிர்வையோ உணர்ந்துகூடத் திரும்பியிருக்கலாம். பிறந்த குழந்தைக்கு 'ஓஏஇ' என்ற பரிசோதனை சில நிமிட வேலைதான். காதில் சின்னக் கருவியை வைத்து ஒலி அனுப்புவார்கள். உள்காது நன்றாக இருந்தால் மெல்லிய எதிரொலி திரும்பி வரும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலே போதும், ஊசி கிடையாது. அதில் சந்தேகம் இருந்தால் அடுத்து 'பெரா'. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்குவது: உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு இது. ஆறு மாதத்துக்கு முன்பே கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி, பிறகு கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலே இருந்ததை 1998-ல் அமெரிக்காவில் யோஷினாகா-இட்டானோ குழுவின் ஆய்வு காட்டியது.

நமக்கு இது கூடுதல் அவசரம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி தமிழ்நாட்டில் 28 சதவீதப் பெண்களின் திருமணம் சொந்தத்துக்குள் நடந்தது. பிறவிக் காது கேளாமைக்கான வாய்ப்பை அது கூட்டுகிறது. மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தை விமர்சிப்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அப்படி ஒரு குடும்பம் என்றால் காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பது மட்டும்தான்.

(மூன்று வயதுக் குழந்தை 'ராஜா'வை 'லாஜா' என்றால் அதற்காகப் பதற வேண்டாம். ர, ற, ழ எல்லாம் மெதுவாகத்தான் வரும். சில டிவி செய்தி வாசிப்பாளர்களுக்கே ழ இன்னும் வரவில்லை.)

45 நிமிடமும் 80 மணி நேரமும்

இப்போது பஸ் விஷயம். மாவட்டத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பெயரில்தான் கடலூர். இருப்பது சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த வளாகத்தில். கடலூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். எதிர்த்திசையில் புதுச்சேரி ஜிப்மர், சுமார் 25 கிலோமீட்டர். தேவனாம்பட்டினத்திலிருந்து கடலூர் பஸ் ஸ்டாண்ட் வரை டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் வேண்டாம், விடியல் பயணம். அதற்கு மேல் காசு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் பயணச் சலுகை உண்டு. ஆனால், இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த அட்டையை வாங்கவே பல குடும்பங்கள் தயங்குகின்றன. 'இப்பவே முத்திரை குத்தணுமா' என்ற பயம்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் நேரம். மீன் விற்கும் பெண்ணுக்குக் காலைதான் வியாபாரம். அரசு மருத்துவமனை ஓ.பி.யும் காலையில்தான். ஒரு நாள் போவார், இரண்டாவது வாரமும் போவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மாதம் விட்டுப்போகும். பிறகு மெல்ல நின்றுவிடும். கோப்பில் 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று ஒரு வரி சேரும். இந்த வரியைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்தப் பயிற்சி முடிந்துபோகும் சிகிச்சை இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காக்ளியர் இம்பிளான்ட் பொருத்தியதும் குழந்தை பேசிவிடாது. கருவி ஒலியைத்தான் கொடுக்கும். அந்த ஒலி 'அம்மா', அந்த ஒலி 'தண்ணி' என்று மூளை பழக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஆட்டிசம் போன்ற காரணங்களால் பேச்சு தாமதமாகும் குழந்தைக்கும் அப்படித்தான். லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவி கொடுத்துவிட்டு, பயிற்சியை 45 கிலோமீட்டர் தள்ளி வைப்பது என்ன கணக்கு?

சின்னதாக ஒரு கணக்குப் போடுவோம். வாரத்துக்கு ஒரு பயிற்சி, 45 நிமிடம். இரண்டு வயதுக் குழந்தை வாரத்தில் விழித்திருப்பது ஏறக்குறைய 80 மணி நேரம். தெரபிஸ்ட் கையில் இருப்பது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் வீட்டில், வாசலில், மீன்கூடை பக்கத்தில்.

அதனால்தான் நல்ல தெரபிஸ்ட் குழந்தையைவிட அம்மாவுக்குத்தான் அதிகம் சொல்லிக்கொடுப்பார். பெரிய வித்தை எதுவும் இல்லை. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேச வேண்டும். கூடையில் நண்டைப் பார்த்தால் 'நண்டு... நண்டு ஓடுது'. பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மனசுக்குள் பத்து வரை எண்ணலாம். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம், நாமே கேள்வி கேட்டு நாமே பதிலும் சொல்லிவிடுவோம். குழந்தை கையை நீட்டினால் அதுவும் பேச்சுதான், பதில் கொடுக்க வேண்டும். 'மீனு' என்றால் 'பெரிய மீனு' என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'சொல்லு, சொல்லு, மாமாகிட்ட சொல்லிக்காட்டு' என்று பரீட்சை வைக்கக் கூடாது. பெற்றோரே நடத்தும் இத்தகைய மொழிப் பயிற்சி பலன் தருவதை, 18 ஆய்வுகளைத் தொகுத்து ராபர்ட்ஸும் கைசரும் 2011-லேயே காட்டியிருக்கிறார்கள்.

ஆய்க்குடியில் முடிகிறது

'ஏட்டில் நல்லாத்தான் இருக்கு, நம்ம ஊர்ல நடக்குமா?' நடந்திருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களைக் குழந்தைகளின் வீட்டுக்கே அனுப்புகிறது. தெரபிஸ்ட்டுகள் பின்னாலிருந்து செயலி வழியாக வழிகாட்டுகிறார்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்தது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள்தான் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையின் போக்கை அனுசரித்துப் பெற்றோர் பதில் தருவதும், குழந்தை தானாகத் தொடர்புகொள்ள முன்வருவதும் அதிகரித்தன. எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும், நிபுணர் கிடைக்கும் வரை குழந்தை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நமக்குக் கிடைக்காது.

கடலூருக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தின் முதல் கட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை அவர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் அதன் நோக்கமே. அந்த 'பக்கம்' எவ்வளவு பக்கம் என்பதுதான் பேச வேண்டியது. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பக்கம் என்றால் நடந்துபோகும் தூரத்து அங்கன்வாடி. மாதம் இரண்டு முறை தெரபிஸ்ட் அங்கே வர வேண்டும், அதுவும் காலையில் அல்ல, மீன் வியாபாரம் முடிந்த பிறகு. இடைப்பட்ட வாரங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் வீட்டுக்குப் போக வேண்டும். சந்தேகம் வந்தால் வீடியோ கால்.

உடனே 'அங்கன்வாடி அக்காவே பார்த்துக்கட்டும்' என்று முடித்துவிடக் கூடாது. சமையல், எடை, முன்பருவக் கல்வி, போஷன் டிராக்கர் என்று ஏற்கெனவே அவர் தலையில் எல்லாம் இருக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி வழிகாட்டு நெறிமுறையை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டபோது, கண்டறிந்து அனுப்பும் வேலையும் சேர்ந்துவிட்டது. அதற்கு மேலும் என்றால் தனி ஆளும் தனிச் சம்பளமும் வேண்டும்.

இன்னொன்று, பேச்சு மட்டும்தான் வெற்றி என்று நினைக்க வேண்டாம். படத்தைக் காட்டித் 'தண்ணி' கேட்பதும், சைகை மொழியும் தொடர்புதான். சென்னையைச் சேர்ந்த அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' செயலி, படத்தைத் தொட்டால் குழந்தைக்காகப் பேசும். தமிழிலும் பேசும். படத்தைப் பழக்கினால் பேச்சு நின்றுபோகும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

இது மீனவர் குப்பத்துக் கதை மட்டும் இல்லை

ஓஎம்ஆரில் வேலை, வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை, கையில் யூடியூப் ரைம்ஸ் என்றால் இது உங்களுக்கும்தான். இரண்டு வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், ஒரு வயதில் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். திரை பேசும், ஆனால் குழந்தைக்காகக் காத்திருக்காது. 'ரெண்டு மொழி பேசினா குழம்பிடும், இங்கிலீஷ் மட்டும் பேசுங்க' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு மொழி பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள், தமிழ் என்றால் தமிழ்.

ஒரு வயதாகியும் விரலைக் காட்டவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் 'அம்மா வா' மாதிரி இரண்டு சொல் சேரவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். வந்துகொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே. அங்கன்வாடிக்கு அடுத்த ஆர்பிஎஸ்கே குழு எந்தத் தேதியில் வருகிறது என்று அங்கேயே கேட்கலாம். அனுப்பும் சீட்டைக் கொடுத்தால், பயிற்சி எங்கே, எத்தனை மணிக்கு, வாரத்தில் எத்தனை நாள் என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள்.