ஈசிஜியில் நின்றது இதயமா, கம்ப்யூட்டரா?

1/
ஒரு ஈசிஜி பதிவு. நடுவில் 3 நொடிக்குக் கோடு அப்படியே தட்டை. பார்த்தவுடன் என்ன தோன்றும்? "இதயம் 3 நொடி நின்னுடுச்சு, பேஸ்மேக்கர் தேவைப்படலாம்" என்றுதானே? எனக்கும் அதுதான் தோன்றியது.

2/
நோயாளி ஐம்பதைத் தாண்டியவர். கம்ப்யூட்டரோடு இணைத்த கருவியில் தொடர் ஈசிஜி ஓடிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ரெஃபரல் சீட்டு எழுதப் பேனா எடுத்தாச்சு. அப்போது அவர் கேட்டார்: "டாக்டர், அந்த நேரம் நான் உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தேன். மயக்கம் ஒண்ணும் வரலையே?"

3/
அந்தக் கேள்விதான் என் கையை நிறுத்தியது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வேறொரு மானிட்டரில் இருந்தது. அதே நேரத்து நாடி அலைகளைத் திருப்பிப் பார்த்தோம். ஒரு துடிப்பும் விடுபடவில்லை. ஈசிஜியை உற்றுப் பார்த்தால், டி அலை பாதியில் கத்திரி வைத்தது போல வெட்டுப்பட்டிருந்தது. மறுநாளும் அதே நேரத்தில் அதே இடைவெளி. கம்ப்யூட்டரில் ஆண்டிவைரஸ் ஸ்கேன் ஓடும் நேரம் அது.

4/
நடந்தது என்ன? எளிமையாகச் சொல்கிறேன். குழாயில் தண்ணீர் நிற்காமல் வருகிறது. கீழே குடம். நீங்கள் மொண்டு மொண்டு உள்ளே கொண்டுபோகிறீர்கள். நடுவில் போன் வந்து நின்றுவிட்டால்? குடம் வழியும். வழிந்த தண்ணீர் திரும்பாது. அந்தக் குடம்தான் கருவியில் இருக்கும் பஃபர்.

5/
கணக்கு போடுவோம். 12 லீடு ஈசிஜியில் நேரடியாக அளப்பது 8 லீடுதான், மீதி 4 கணக்கில் வருபவை. நொடிக்கு 500 மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட் என்றால், 500 × 8 × 2 = நொடிக்கு 8,000 பைட். பஃபர் 16,000 பைட் என்றால் 2 நொடி தாங்கும். கம்ப்யூட்டர் 5 நொடி திணறினால் 3 நொடி காலி!

6/
"அப்போ பெரிய பஃபர் வைச்சா முடிஞ்சுதே?" பாதி சரி. செலவும் பெரிதில்லை. செல்போனில் எடுக்கும் ஒரு 3 எம்.பி. போட்டோவின் இடத்தில் இந்த ஈசிஜி 6 நிமிடத்துக்கு மேல் அடங்கும். ஆனால் டிரம் முழுக்க நிரம்பட்டும், அப்புறம் தூக்கலாம் என்று காத்திருந்தால், திரையில் தெரிவது பழைய இதயத்துடிப்பு.

7/
இந்தத் தாமதம் விளையாட்டல்ல. சிங்க்ரனைஸ்டு கார்டியோவெர்ஷனில் ஆர் அலை உச்சத்திலிருந்து 60 மில்லிசெகண்டுக்குள் ஷாக் போக வேண்டும். தவறி டி அலையில் விழுந்தால் உயிரைப் பறிக்கும் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் வரலாம். அதனால்தான் டீஃபிப்ரிலேட்டரின் சொந்த லீடுகளை நோயாளிக்கு மாட்டச் சொல்கிறோம். தாமதமாகக் காட்டும் தூரத்து மானிட்டரை நம்பி இதைச் செய்யவே கூடாது.

8/
ஆக, என் கருத்து இதுதான். டிரம் பெரிதாக இருக்கட்டும், மொள்ளும் சொம்பு சிறிதாக இருக்கட்டும். பெரிய பஃபர், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி படிக்க வேண்டும். சொம்பு ரொம்பச் சிறிதானால் நடையே வேலையாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். கம்ப்யூட்டர் எப்போதுமே மெதுவாகப் படித்தால் எவ்வளவு பெரிய டிரம்மும் ஒருநாள் வழியும்.

9/
இதைவிட முக்கியம் நேர்மை. ஒவ்வொரு தொகுப்புக்கும் வரிசை எண் இருந்தால் எது தொலைந்தது என்று கருவிக்கே தெரியும். அந்த இடத்தில் தட்டைக்கோடு போடாமல் "தகவல் இல்லை" என்று காட்டட்டும். தெரியாததைப் பூஜ்யம் என்று எழுதுவது பொய்.

10/
கருவி வாங்கும்போது திரை எத்தனை இன்ச் என்று கேட்கிறோம். "கம்ப்யூட்டர் திணறினால் எத்தனை நொடி தாங்கும்? விடுபட்டால் சொல்லுமா?" என்றும் கேட்போம். சக மருத்துவர்களே, ஈசிஜி நின்றதாகக் காட்டினால் முதலில் நோயாளியைப் பாருங்கள், நாடியைத் தொடுங்கள். அதற்கு பஃபர் தேவையில்லை.

அவர் இப்போது நலம். பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை.