பங்கீட்டு வலுப்பிணைப்பு வலுவற்றதா?

அயன் பிணைப்பு வலியது, பங்கீட்டு வலுப்பிணைப்பு மெலிந்தது. ஆகவே அயன் சேர்வைகளின் உருகுநிலை உயர்வு, அவை நீரில் கரையும், மின்னைக் கடத்தும். பங்கீட்டு வலுச் சேர்வைகள் எல்லாவற்றிலும் இதற்கு மாறு. சாதாரண தர மாணவரின் கொப்பிகளில் இக்கூற்று இரண்டு நிரல் அட்டவணையாக நிலைபெற்றிருக்கிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ரியூசன் வகுப்புகளுக்கும் இது புதிதல்ல. மனனம் செய்ய வசதியான இந்த அட்டவணை, இலங்கையிலேயே கிடைக்கும் பொருள்களுக்குப் பொருந்துவதில்லை.

முதலாவது, பங்கீட்டு வலுப்பிணைப்பு மெலிந்தது என்பது. ஒரு மூல் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோயூல் போதும். அதே நீரிலுள்ள ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்புகள் அனைத்தையும் உடைக்க 900 கிலோயூலுக்கு மேல் வேண்டும். கொதிக்கும்போது பிணைப்பு உடைவதாக இருந்தால், கேத்தில் மூக்கிலிருந்து ஐதரசனும் ஒட்சிசனும் வெளிவர வேண்டும்; வருவதோ நீராவி. அறுபடுபவை மூலக்கூறுகளுக்கு இடையிலான கவர்ச்சி விசைகள் மட்டுமே. திறந்து வைத்த கற்பூரம் தேய்வதும் இவ்வாறே: மூலக்கூறுகள் சிதையாமல் பிரிந்து காற்றில் கலக்கின்றன, அதனால்தான் கற்பூர மணம் பரவுகிறது. தாழ்ந்த உருகுநிலையும் கொதிநிலையும் இந்த இடைவிசைகளின் மெலிவைக் காட்டுகின்றன, பிணைப்பின் மெலிவை அல்ல.

இரண்டாவது, பங்கீட்டு வலுப்பிணைப்புள்ள பொருள்கள் தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் என்பது. போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கப்படும் காரீயம், பங்கீட்டு வலுப்பிணைப்பால் இணைந்த காபன் அணுப் படைகளால் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் அது கொழும்புத் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகி, உலோகம் உருக்கும் மூசைகள் செய்யப் பயன்பட்டது. செட்டியார் தெருக் கடைகளில் விற்கும் தங்கம் 1064 பாகை செல்சியசில் உருகும். அதைத் தாங்கும் மூசையின் காரீயமோ சாதாரண அமுக்கத்தில் 3600 பாகை வரையிலும் உருகாது. நாத்தாண்டியா மணலின் சிலிக்கா ஏறத்தாழ 1700 பாகையில்தான் உருகும். ஆனையிறவு உப்புக்கு 801 பாகை போதும். காரீயத்திலும் சிலிக்காவிலும் தனி மூலக்கூறு என்று எதுவும் இல்லை. பிணைப்புகளே சாலகமாகப் பரந்திருப்பதால், உருகுவதற்குப் பிணைப்பே உடைய வேண்டும். மறுபுறம், அயன்களால் ஆன எதைலமோனியம் நைத்திரேற்று 12 பாகையிலேயே உருகும் என்பதை 1914இல் போல் வால்டன் எடுத்துக்காட்டினார். பருத்த, சமச்சீரற்ற அயன்கள் நெருக்கமாக அடுக்கப்படுவதில்லை, கவர்ச்சி குறைகிறது. கொழும்பு வெயிலில் அந்த உப்பு திரவமாகவே இருக்கும்.

மூன்றாவது, மின்கடத்தல். காரீயத்தில் ஒவ்வொரு காபன் அணுவும் மூன்று அணுக்களுடன் பிணைந்து அறுகோணப் படையை ஆக்குகிறது. மிஞ்சும் நான்காவது இலத்திரன் ஓரிடப்படாமல் படை நெடுக உலவுகிறது. மோட்டார்களின் காபன் தூரிகைகள் மின்னைக் கடத்துவது இதனால்தான். வைரத்தில் நான்கு இலத்திரன்களும் பிணைப்பில் அடங்கிவிடுவதால் அது கடத்துவதில்லை. மூலகமும் பிணைப்பு வகையும் ஒன்றே. கட்டமைப்பு மட்டும் வேறு. உப்புக் கட்டியும் கடத்தாது, ஏனெனில் அயன்கள் சாலகத்தில் நகர முடியாமல் நிற்கின்றன. உருகினாலோ நீரில் கரைந்தாலோதான் கடத்தும்.

நான்காவது, கரைதிறன். வெள்ளவத்தைக் கரையில் ஒதுங்கும் சிப்பி ஓடு கல்சியம் காபனேற்று. அயன் சேர்வையாக இருந்தும் அது நீரில் அனேகமாகக் கரைவதில்லை. சீனி பங்கீட்டு வலுச் சேர்வை, தாராளமாகக் கரையும். சாலகத்தைப் பிரிக்கச் செலவாகும் சக்திக்கு, நீர் மூலக்கூறுகள் அயன்களைச் சூழும்போது கிடைக்கும் சக்தி எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பது முக்கியம். சீனியைப் பொறுத்தவரை, நீருடன் ஐதரசன் பிணைப்பு ஆக்கும் ஐதரொட்சில் கூட்டங்களே காரணம்.

ஐந்தாவது, உலோகமும் அல்லுலோகமும் சேர்ந்தால் அயன் சேர்வையே என்பது. புல்மோட்டைக் கனிய மணலில் உரூத்தைல் எனும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு உண்டு. அது 1800 பாகைக்கு மேல் உருகும் திண்மம். கரியுடன் சூடாக்கிக் குளோரீனைச் செலுத்தினால் கிடைக்கும் தைத்தேனியம் நாற்குளோரைட்டோ 136 பாகையில் கொதிக்கும் திரவம். அதில் இருப்பவை தனி மூலக்கூறுகள். இலத்திரன் முற்றாகக் கைமாறுவதும் சரிபாதியாகப் பகிரப்படுவதும் இரு எல்லைகள். பெரும்பாலான சேர்வைகள் இடையில் எங்கோ நிற்கின்றன என்பதை 1932இல் இலைனஸ் போலிங் வகுத்த மின்னெதிர்த்தன்மை அளவீடு காட்டுகிறது.

அட்டவணையில் உண்மையே இல்லை என்பதல்ல. சோடியம் குளோரைட்டு போன்ற எளிய அயன் சேர்வைகளையும், சிறிய மூலக்கூறுகளால் ஆன பொருள்களையும் ஒப்பிடும் அளவுக்கு அது செல்லும். அதற்கு அப்பால் ஒரு பொருளின் குணத்தைக் கணிக்க மூன்று வினாக்கள் வேண்டும்: துணிக்கைகள் அணுக்களா, அயன்களா, மூலக்கூறுகளா? அவை தனித்தனியாக உள்ளனவா, சாலகமாகப் பரந்துள்ளனவா? மாற்றம் நிகழும்போது அறுபடும் விசை எது? பிணைப்பின் வகை இவ்வினாக்களுக்குத் தொடக்கம் மட்டுமே. விடையைத் தருவது கட்டமைப்பு.