பல் பதிக்குமுன் ஒரு வேளை மருந்து

பல் போனால் சொல் போகும் என்பது முதுமொழி. சொல் மட்டுமன்று, சோற்றின் சுவையும் உடன் போய்விடுகின்றது. ஆதலின் இழந்த பல்லுக்கு ஈடாகப் புதுப் பல் வைத்துக்கொள்ள விழைவது இயல்பே. கழற்றி மாட்டும் பற்களை அறிந்திருந்த உலகிற்கு, தாடையெலும்பிலே டைட்டேனியத் திருகை இறக்கி அதன்மீது பல்லைப் பொருத்தும் முறையை அளித்தவர் சுவீடன் தேசத்துப் பேராசிரியர் பிரானெமார்க். 1965ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒருவருக்கு அவர் இவ்வாறு செய்தார்.

இச்சிகிச்சையை நாடி மொனராகலையிலிருந்து ஒருவர் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்கிறார் என வைத்துக்கொள்வோம். செலவோ பெரிது, திருகு எலும்போடு சேராமற் கழன்றுவிட்டால் அத்தனையும் வீண். ஆகவே, "கிருமி சேராதிருக்க ஒரு வாரத்துக்கு அன்டிபயோட்டிக் மாத்திரை தாருங்கள், ஐயா" என்று அவரே கேட்பார். அது தக்கதா என்று ஆராய்வோம்.

எத்துணைத் தூய்மையாயினும் வாய் கிருமிகள் குடியிருக்கும் இடம். ஈறைக் கீறி எலும்பைத் துளைக்கும் அவ்வேளையிலேயே அவை புண்ணினுள் புகுகின்றன. திருகின்மீது பாசிபோற் படர்ந்துவிட்டாலோ, பின்னர் உண்ணும் மருந்துக்கு அவை எளிதில் அடங்கா. எனவே கத்தி படும்போதே மருந்து இரத்தத்தில் நிறைந்திருத்தல் வேண்டும்.

கொக்ரேன் என்னும் ஆய்வமைப்பு 6 பரிசோதனைகளை ஒருசேர நோக்கி 2013ஆம் ஆண்டில் தன் முடிவை வெளியிட்டது. சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக 2 அல்லது 3 கிராம் அமொக்சிசிலின் ஒரே தடவை உட்கொண்டால், திருகு கழலும் வாய்ப்புக் குறைகின்றது. 25 பேர் உண்டால் ஒருவரது இழப்புத் தவிர்க்கப்படும். சிகிச்சைக்குப் பின்னரும் நாட்கணக்கில் உண்பது நன்று என்பதற்கு அவ்வாய்விற் சான்று கிட்டவில்லை. எஞ்சிய 24 பேருக்கு அம்மருந்தால் இவ்வகையிற் பயனில்லையாதலால், நல்ல உடல்நலமுடையோர்க்கு அந்த ஒரு வேளையும் வேண்டியதில்லை எனக் கருதும் வைத்தியர்களும் உளர்.

மிகுதியாக உண்டால் என்ன குறை எனலாம். பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங், 1945ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தைக் காட்டினார். தொண்டைப் புண்ணுக்குக் கணவன் தானே பென்சிலின் வாங்கி அரைகுறையாக உண்கிறான், சாகாத கிருமிகள் மருந்தை வெல்லப் பழகுகின்றன, அவை மனைவியைத் தொற்றுகின்றன, அவளுக்கு மருந்து பலிக்கவில்லை, அவள் இறந்துபடுகிறாள்.

இக்கதை நம் லயங்களுக்கும் பங்களாக்களுக்கும் ஒருங்கே பொருந்தும். பல்லுக்கு வாங்கிய மாத்திரையில் நாலைந்தை அலுமாரியில் வைத்திருந்து, குழந்தையின் தடிமனுக்குக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தடிமன் வைரசினால் வருவது. அதற்கு அம்மருந்து உதவாது. நாளை அக்குழந்தைக்கே நிமோனியாக் காய்ச்சல் கண்டால், உயிர்காக்க வேண்டிய மருந்து கைவிட்டுவிடக் கூடும்.

ஆகையால் பல் பதிக்கச் செல்வோர் மருந்தைத் தாமே கேட்டுப் பெறாமல், தம் நிலையை வைத்தியருக்கு ஒளிவின்றி உரைத்தல் வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை, நீரிழிவு, இருதய வால்வு நோய் இவற்றுள் எதுவிருப்பினும் முதலிற் சொல்லுக. புகையையும் வெற்றிலையையும் விடுக. பல்லை நாளும் இருமுறை துலக்குக. வைத்தியர் ஒரு வேளை தந்தால் அந்த ஒரு வேளையோடு நிறுத்துக. இல்லத்தில் மிச்ச மாத்திரை இல்லாதிருப்பதே அடுத்த நோயாளிக்கு நாம் செய்யும் உபகாரம்.