எத்தனை டிபி என்று கேட்பதற்கு முன்...



குழந்தையின் முதல் பிறந்தநாள், அக்கா கல்யாணம், தாத்தாவின் சதாபிஷேகம் எல்லாம் இப்போது வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கின்றன. ஒருநாள் இடம் நிறைந்துவிடுகிறது. கடைக்குப் போகிறோம். 'எத்தனை டிபி வாங்கலாம்?' என்று கேட்கிறோம்.

வாங்கும் ஹார்டு டிஸ்க் நம் மெஷினுக்குள் உட்காருமா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

டெஸ்க்டாப்புக்கு 3.5 இன்ச், லேப்டாப்புக்கு 2.5 இன்ச் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ஸ்கேல் வைத்துப் பாருங்கள், அந்த அளவு வராது. 3.5 இன்ச் டிஸ்க்கின் அகலம் 101.6 மி.மீ., அதாவது 4 இன்ச். 2.5 இன்ச் டிஸ்க்கின் அகலம் ஏறக்குறைய 70 மி.மீ. முதல் 3.5 இன்ச் டிஸ்க்கை 1983-ல் ஸ்காட்லாந்தின் ரோடைம் நிறுவனம் கொண்டுவந்தது. கொள்ளளவு 10 எம்பி! இன்று போனில் எடுக்கும் நாலைந்து படங்களுக்கே அது போதாது.

அகலத்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. தொல்லை தருவது தடிமன்தான். 2.5 இன்ச் டிஸ்க்கிலேயே 7, 9.5, 12.5, 15 மி.மீ. என்று பல தடிமன்கள் உண்டு. பழைய லேப்டாப்கள் பலவற்றில் 9.5 மி.மீ. வரை போகும். மெலிதான மாடல்களில் 7 மட்டுமே. கொள்ளளவு கூடக் கூட உள்ளே சுழலும் தட்டுகளின் எண்ணிக்கையும் கூடும், டிஸ்க்கும் தடிக்கும். 'இருப்பதிலேயே பெரியதைக் கொடுங்கள்' என்று வாங்கி வருவது 15 மி.மீ. டிஸ்க்காக இருந்தால் என்ன செய்வது? லேப்டாப்பின் அடிமூடியை அழுத்தி மூடவா முடியும்?

மெலிந்த டிஸ்க்கைப் பெரிய இடத்தில் வைப்பது சுலபம். 9.5 மி.மீ. இடத்தில் 7 மி.மீ. டிஸ்க் ஆடினால், ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் சட்டம் போதும். சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டிகளில் சாட்டா என்ற இணைப்போடு வருபவை பெரும்பாலும் 7 மி.மீ. தடிமனில்தான் இருக்கின்றன என்பது நமக்குச் சாதகம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. 'ரொம்ப ஸ்லோ' என்று பீரோ மேல் தூக்கி வைத்த அந்த லேப்டாப் எத்தனை வீடுகளில் இருக்கிறது! பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஓர் எஸ்எஸ்டி போட்டால், மற்ற பாகங்கள் நன்றாக இருக்கும் பட்சத்தில், தம்பியோ தங்கையோ இன்னும் சில வருடம் அதில் படிக்கலாம். புதிது வாங்கும் முன் இதை யோசித்துப் பாருங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

டெஸ்க்டாப்பில் கவலை குறைவு. 3.5 இன்ச் இடத்தில் 2.5 இன்ச் எஸ்எஸ்டியை ஒரு பிராக்கெட் வைத்து மாட்டலாம். சாட்டா கேபிளும் பவர் கேபிளும் அதேதான். சுழலும் ஹார்டு டிஸ்க்கை மட்டும் ஸ்க்ரூ போடாமல் கேபினெட்டுக்குள் சும்மா கிடத்தாதீர்கள். அதிர்வு அதற்கு ஆகாது.

புதிய லேப்டாப் பலவற்றில் 2.5 இன்ச் இடமே கிடையாது. எம்.2 என்ற சிறு பட்டைதான். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு. அளவு ஒன்றாக இருந்தாலும் சாட்டா வகையா, என்விஎம்இ வகையா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்கும் இடத்தில் மற்றது வேலை செய்யாது.

இன்னொன்று: 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் பதறாதீர்கள். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆகக் கணக்கிடுகிறது.

கடைக்குப் போகும் முன் மாடல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பழைய டிஸ்க்கின் லேபிளைப் போனில் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். படங்களை வேறொரு இடத்தில் காப்பி எடுத்து வைத்த பிறகே ஸ்க்ரூ டிரைவரைத் தொடுங்கள். கழற்றிய 2.5 இன்ச் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யூஎஸ்பி கேஸில் போட்டுப் பயன்படுத்தலாம். 3.5 இன்ச் டிஸ்க் என்றால், 12 வோல்ட் மின்சாரமும் தேவைப்படுவதால், தனி அடாப்டரோடு வரும் கேஸாகக் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்